திறந்த வண்டிக்கு ஒரு பூட்டிய பெட்டி

பிக்கப் வண்டியின் பின்தளத்தில் ஏறுவது பல குடும்பங்களின் முழு முதல். அதைக் காக்கும் கழற்றத்தக்க பெட்டிகளையும், அவற்றோடு சேர்ந்து வரும் சட்டம், காப்பீடு, கடன் ஆகியவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கோலார் மாவட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பட்டு, பால், பொன் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயலில் தன் பணியை நிறுத்தியபோது, அம்மூன்றில் பொன் விடைபெற்றது. பட்டும் பாலும் நிலைத்திருக்கின்றன; அவற்றோடு தக்காளியும் சேர்ந்துகொண்டது. கோலார் வேளாண் விளைபொருள் சந்தை இன்று நாட்டின் மிகப்பெரிய தக்காளிச் சந்தைகளுள் ஒன்று.

ஐதர் அலி பிறந்த ஊர் என்று வரலாற்றில் இடம்பெற்ற பூதிகோட்டை, பங்காருப்பேட்டைக்குத் தெற்கே, தமிழக எல்லைக்கு அருகில் இருக்கிறது. இவ்வட்டாரத்துக் கிராமங்களையும் சந்தையையும் இணைப்பவை சிறிய சரக்கு வண்டிகளே. 2005-இல் டாடா ஏஸ் வந்தபோது தமிழர் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயர் சூட்டினர். 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மகிந்திராவின் பொலேரோ பிக்கப் வண்டியைக் காணாத சந்தை வாசலே இல்லை எனலாம். இவை அனைத்துக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு: பின்தளம் திறந்தே இருக்கிறது. அதில் ஏற்றிய பொருளுக்கும் வெளியுலகுக்கும் இடையில் இருப்பவை ஒரு கயிறும் ஒரு தார்ப்பாயும் மட்டுமே.

ஒரு நடையின் மதிப்பு

கோலார் சந்தையில் தக்காளி 15 கிலோ கொண்ட பெட்டிக் கணக்கில் விலைபோகிறது. 2023 ஜூலையில் விலை உச்சத்தைத் தொட்டபோது, தங்கவயலை அடுத்த பேத்தமங்கலத்தைச் சேர்ந்த ஒரு விவசாயக் குடும்பம் ஒரே நாளில் 2,000 பெட்டிகளை விற்று 38 லட்சம் ரூபாய் ஈட்டியதாக நாளிதழ்கள் எழுதின. அதாவது பெட்டிக்கு 1,900 ரூபாய். அந்த விலையில் ஒரு பிக்கப் வண்டியில் 100 பெட்டிகளை, அதாவது ஒன்றரை டன் தக்காளியை, ஏற்றினால் அதன் மதிப்பு 1,90,000 ரூபாய். சாதாரண நாள்களில் சில ஆயிரங்களே பெறும் அதே சுமை, அந்த வாரங்களில் நகைக்கடைப் பை போல ஆகிவிட்டது.

திருடர்களும் இதைக் கவனித்தனர். அதே ஜூலையில், சித்திரதுர்கா மாவட்டத்தின் ஹிரியூரிலிருந்து கோலார் சந்தைக்கு இரண்டு டன்னுக்கும் அதிகமான தக்காளியுடன் வந்துகொண்டிருந்த ஒரு பிக்கப் வண்டியை, பெங்களூரில் காரில் வந்த கும்பல் வழிமறித்தது. ‘எங்கள் காரை இடித்துவிட்டீர்கள்’ என்று சண்டைக்கு வந்து பணம் கேட்ட அவர்கள், முடிவில் வண்டியையே ஓட்டிச் சென்றனர். சரக்கு தமிழகத்தில் விற்கப்பட்டது. வெறும் வண்டி பின்னர் பெங்களூரில் கிடந்தது. வேலூர்ப் பகுதியைச் சேர்ந்த ஒரு தம்பதியைக் காவல்துறை கைது செய்தது. அம்மாத இறுதியில், கோலாரிலிருந்து ஜெய்ப்பூருக்கு ஏறத்தாழ 21 லட்சம் ரூபாய்த் தக்காளியுடன் புறப்பட்ட லாரி போய்ச் சேரவில்லை என்ற புகாரும் எழுந்தது.

இந்நிகழ்ச்சிகள் இரண்டு செய்திகளைச் சொல்கின்றன. பின்தளத்துச் சரக்கு பணத்துக்கு நிகர் என்பது முதலாவது. வண்டியோடு சேர்த்தே கடத்தப்பட்டால் எந்தப் பூட்டும் உதவாது என்பது இரண்டாவது. எனவே பூட்டினால் ஆகும் காரியம் எது, காப்பீட்டினால் ஆகும் காரியம் எது என்று பிரித்தறிவதே பாதுகாப்பின் தொடக்கம். சிறு திருட்டுகளுக்குப் பெட்டியும் பூட்டும் மருந்து: தேநீர்க் கடையில் நிறுத்திய ஐந்து நிமிடத்தில் காணாமற்போகும் துளையிடும் இயந்திரம், இரவில் தெருவோரம் நின்ற வண்டியிலிருந்து மறையும் செப்புக் கம்பிச் சுருள், ஜாக்கி, ஸ்பானர் தொகுதி போன்றவை. பெரும் கொள்ளைக்கு வேறு ஏற்பாடு வேண்டும். அதைப் பின்னர்க் காண்போம்.

ஏன் கழற்றத்தக்க பெட்டி?

சுரங்கம் மூடிய பின், தங்கவயலின் தமிழ்க் குடும்பங்களில் பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். மின்பணி, குழாய்ப்பணி, பற்றவைப்பு, வண்ணப்பூச்சு முதலிய கைத்தொழில்களைச் சொந்தமாகச் செய்வோருக்கு ஒரு சிறு வண்டி அமைந்தால், அதுவே கடையும் கிடங்கும் ஆகிவிடுகிறது. விடியலில் சந்தைக்குத் தக்காளி, பகலில் கட்டட வேலைக்குக் கருவிகள், மாலையில் ஒருவர் வீடு மாற்றும் சாமான் என்று ஒரே வண்டி மூன்று வேடம் போடுவதும் உண்டு. தக்காளிக்குத் தளம் முழுவதும் காலியாக வேண்டும். கருவிகளுக்குப் பூட்டிய அறை வேண்டும். நிலையான கூண்டு கட்டினால் முதல் வேலை கெடும். எதுவும் கட்டாவிட்டால் இரண்டாம் வேலை கெடும். தேவைப்படும்போது ஏற்றி, தேவையற்றபோது இறக்கி வைக்கும் பெட்டியே இரண்டுக்கும் இடம் தருகிறது.

பிக்கப் வண்டியின் ஆஸ்திரேலிய வகை பிறந்தபோதே இந்த இரட்டைத் தேவை இருந்தது. 1930-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய விவசாயி ஒருவரின் மனைவி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கும் கொண்டுசெல்ல ஒரே வண்டி வேண்டும் என்று ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார் என்று சொல்லப்படுகிறது. அந்நிறுவனத்தின் வடிவமைப்பாளர் லூயிஸ் பாண்ட் வரைந்த வண்டி 1934-இல் வெளிவந்தது. இன்று அந்நாட்டில் தச்சர், மின்பணியாளர் முதலியோரின் வண்டிகளில் பூட்டிய கருவிப் பெட்டி இல்லாத வண்டியைக் காண்பது அரிது.

எத்தனை வகை?

முதல் வகை, ஓட்டுநர் அறையின் பின்சுவரை ஒட்டிக் குறுக்கே அமரும் நீள்பெட்டி. மேல்மூடி திறக்கும். கருவி வைப்போருக்கு இதுவே மிகப் பொருத்தம். மீதித் தளம் சரக்குக்குக் கிடைக்கும்.

இரண்டாம் வகை, தளத்தின் மீது படுக்கையாக அமையும் இழுப்பறை. பின்கதவைத் திறந்து இழுத்தால் கருவிகள் கைக்கு வரும். அதன் மேற்பலகையில் சரக்கையும் ஏற்றலாம். செலவும் எடையும் கூடுதல்.

மூன்றாம் வகை, தளம் முழுவதையும் மூடும் மடிப்பு மூடி. டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ் போன்ற உயர்விலை வண்டிகளுக்கு ஏற்றது. பக்கப்பலகைகள் கீழே மடங்கும் நம் சரக்கு வண்டிகளில் இதனால் பயன் குறைவு. பலகையை இறக்கினால் மூடிக்குப் பொருளில்லை.

நான்காம் வகை, போல்ட் மூலம் பூட்டிக் கழற்றும் கம்பிவலைக் கூண்டு. காற்று வேண்டிய பொருள்களுக்கு இதுவே உகந்தது. தக்காளி பறித்த பின்னும் சுவாசிக்கிறது. அதனால் வெப்பம் வெளிவிடுகிறது. காற்றோட்டமில்லாத இரும்புப் பெட்டியில் அடைத்தால் சந்தை சேருமுன் கனிந்து குழையும். பட்டுக்கூடுகளுக்குள் உயிருள்ள கூட்டுப்புழு இருக்கிறது. அதற்கும் காற்று வேண்டும். கோலார் மாவட்டத்தில் இவ்விரண்டும் முதன்மை விளைபொருள்கள் என்பதால், விளைபொருளுக்குக் கூண்டு, கருவிக்குப் பெட்டி என்று பிரித்துக்கொள்வது நலம்.

எரிவாயு உருளை, தின்னர், பெட்ரோல் ஆகியவற்றை எந்த மூடிய பெட்டியிலும் வைக்கலாகாது. கசிந்த ஆவி உள்ளே தேங்கி நிற்கும். ஒரு சிறு பொறி போதும்.

எடையும் ஒரு செலவே

பெட்டி வாங்குவோர் விலையைக் கேட்பர்; எடையைக் கேட்பவர் சிலரே. ஒன்றரை மீட்டர் நீளமும், அரை மீட்டர் அகலமும், அரை மீட்டர் உயரமும் கொண்ட பெட்டியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 375 லிட்டர். தகட்டின் மொத்தப் பரப்பு 3.5 சதுர மீட்டர். 2 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் செய்தால், சட்டமும் பூட்டும் சேராமலே ஏறத்தாழ 55 கிலோ வரும். அதே தடிமனில் அலுமினியத்தில் செய்தால் 19 கிலோ. தக்காளிக் கணக்கில், இரும்புப் பெட்டி ஒவ்வொரு நடையிலும் ஏறத்தாழ நான்கு பெட்டித் தக்காளியின் இடத்தைப் பிடிக்கிறது. அலுமினியப் பெட்டி ஒன்றேகால் பெட்டியின் இடத்தை.

அலுமினியத்தின் விலை கூடுதல். நாள்தோறும் பெட்டியை ஏற்றி இறக்குபவருக்கு அது தகும். இருவர் தூக்க வேண்டியதை ஒருவரே தூக்கிவிடலாம். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் கழற்றுபவருக்கு இரும்பே போதும். பெட்டியின் எடையும் அதனுள் வைக்கும் கருவிகளின் எடையும் வண்டியின் அனுமதிக்கப்பட்ட சுமையில் அடங்கும் என்பதை மறக்கலாகாது. அனுமதியை மீறி ஏற்றினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயும் தண்டம் விதிக்கிறது. சரக்கு வண்டியின் பக்கவாட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000 ரூபாய்த் தண்டம் உண்டு.

பட்டறையில் கேட்க வேண்டியவை

பங்காருப்பேட்டையானாலும் கிருஷ்ணகிரியானாலும், வெல்டிங் பட்டறை இல்லாத ஊர் இல்லை. ஆயத்தப் பெட்டி கிடைக்காத இடத்தில் அங்கேயே செய்துகொள்ளலாம். பட்டறைக்காரரிடம் ஐந்து செய்திகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, பெட்டியைத் தளத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளின் நட்டு பெட்டிக்கு உள்ளே இருக்க வேண்டும். மூடி பூட்டியிருக்கும்வரை அவற்றை எவரும் கழற்ற முடியாது. உரிமையாளருக்கோ மூடியைத் திறந்தால் சில நிமிட வேலை. கழற்றத்தக்க தன்மையும் பாதுகாப்பும் ஒன்றையொன்று கெடுக்காமலிருப்பது இந்த ஓர் ஏற்பாட்டினால்தான். வெளியில் நட்டு தெரியும் பெட்டியைத் திருடன் பூட்டோடு சேர்த்தே எடுத்துச் செல்வான்.

இரண்டு, கீல்கள் உட்புறமாக அமைய வேண்டும். வெளியில் அமைந்தால், கீலின் ஆணியைத் தட்டி எடுத்துவிட்டால் பூட்டு பூட்டியபடியே இருக்க மூடி திறந்துவிடும்.

மூன்று, நாதாங்கியைச் சுற்றி ஓர் இரும்புக் கவசம் வேண்டும். பூட்டின் வளைவுக் கம்பி வெளியே தெரிந்தால் வெட்டுக்கருவி எளிதாக நுழையும், மறைந்திருந்தால் நுழையாது. பூட்டைப் பொறுத்தவரை நமக்குப் பக்கத்திலேயே திண்டுக்கல் இருக்கிறது. அவ்வூர்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெட்டி எவ்வளவு உறுதியாயினும் மலிவான பூட்டு அதன் வலிமையைத் தன் அளவுக்கு இறக்கிவிடும்.

நான்கு, பெட்டி ஓட்டுநர் அறையின் பின்சுவரைத் தொட்டு அமர வேண்டும். 55 கிலோ பெட்டியும் 60 கிலோ கருவிகளும் கொண்ட சுமை, திடீரென்று பிரேக் போடும்போது தன் எடைக்குக் கிட்டத்தட்ட நிகரான விசையோடு முன்னோக்கிப் பாயும். நடுவில் இடைவெளி விட்டால் அந்தப் பாய்ச்சல் மோதலாக மாறும். தளத்துத் தகட்டின் அடியில் ஒரு தாங்குதகடு வைத்துப் போல்ட் இறுக்குவது, தகடு கிழியாமல் காக்கும்.

ஐந்து, மூடியின் விளிம்பில் ரப்பர் பட்டையும் அடியில் சிறு வடிதுளைகளும் வேண்டும். மழை நீர் புகாமலிருப்பதும், புகுந்த நீர் தேங்காமலிருப்பதும் வெவ்வேறு தேவைகள்.

சட்டம் எங்கே கோடு கிழிக்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றுக்கும் முரண்படும் வகையில் வண்டியை உரிமையாளர் மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. திறந்த தளமாகப் பதிவான வண்டியில் மூடிய கூண்டைப் பற்றவைத்து நிலையாக்குவது இந்தக் கோட்டைத் தாண்டும் செயல். ஏற்கனவே உள்ள கொக்கிகளையும் துளைகளையும் பயன்படுத்திப் பொருத்தி, விரும்பும்போது இறக்கிவிடும் பெட்டிக்கு இச்சிக்கல் மிகக் குறைவு. ஆயினும் கம்பிவலைக் கூண்டு போன்று உயரத்தை மாற்றும் எதையும் செய்யுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நன்று.

வண்டி கடனில் வாங்கியதாயின், பதிவுச் சான்றில் கடன் கொடுத்த வங்கியின் பெயரும் குறிக்கப்பட்டிருக்கும். வண்டியில் பெரிய மாற்றம் செய்யுமுன் வங்கிக் கிளைக்கும் தெரிவிக்க வேண்டும்.

காப்பீடு: பலர் அறியாத இடைவெளி

‘வண்டிக்கு முழுக் காப்பீடு இருக்கிறது’ என்று நிம்மதியாக இருப்போர் பலர். சரக்கு வண்டிக்கான வழக்கமான காப்பீடு வண்டியைக் காக்கிறது. அதில் ஏற்றிய பிறர் பொருளையோ நம் பொருளையோ காப்பதில்லை. மேலும், வண்டியில் பொருத்திய துணைப்பொருள்கள் மட்டும் திருடு போனால் அது இழப்பீடு தராது. வண்டியும் சேர்ந்து திருடு போயிருந்தால்தான் தரும். அதாவது, கருவிப் பெட்டியை மட்டும் ஒருவன் பெயர்த்துச் சென்றால் அந்த இழப்பு உரிமையாளரையே சேரும். உள்ளே நட்டு வைத்த போல்ட் எவ்வளவு முக்கியம் என்பது இப்போது விளங்கும்.

சரக்குக்கெனத் தனியே உள்நாட்டுப் போக்குவரத்துக் காப்பீடு இருக்கிறது. அதில் மூன்று நிலைகள் உண்டு. ‘சி’ நிலை தீ, மின்னல் ஆகியவற்றுக்கு மட்டும். ‘பி’ நிலை அவற்றோடு மோதல், கவிழ்தல் முதலிய விபத்துகளையும் சேர்க்கிறது. திருட்டையும் உள்ளடக்குவது ‘ஏ’ நிலை. கட்டணம் குறைவு என்று ‘சி’ நிலையை வாங்கியவர், சரக்கு களவு போனபின் ஏமாற்றமடைவார். தாமதத்தாலோ பொருளின் இயல்பாலோ ஏற்படும் அழுகலை எந்த நிலையும் ஏற்பதில்லை. சரியாகக் கட்டாத சரக்குக்கும் இழப்பீடு மறுக்கப்படலாம். திருட்டு நேர்ந்தால் உடனே காவல்நிலையத்தில் புகாரைப் பதிவு செய்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் காலம் தாழ்த்தாமல் அறிவிக்க வேண்டும். வண்டியே களவு போனால் இரு சாவிகளையும் கேட்பார்கள். இரண்டாவது சாவியை வண்டியிலேயே வைப்பவர் தம் இழப்பீட்டையே ஐயத்துக்கு உள்ளாக்குகிறார்.

ஹிரியூர் வண்டிக்கு நேர்ந்தது போன்ற கடத்தலுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ‘ஏ’ நிலைக் காப்பீடும், வண்டி இருக்குமிடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவியும் சேர்ந்தால், பூட்டினால் முடியாததை ஓரளவேனும் ஈடுகட்டலாம்.

பணம் பெட்டியில் வேண்டாம்

சரக்கு விற்ற பின் திரும்பும் வண்டியில் பணம் இருக்கிறது. கருவிப் பெட்டியின் அடியில் பணப்பையை மறைப்பது பழைய வழக்கம். மண்டிக்காரரிடம் வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிட்டால் அந்த அச்சமே இல்லை. நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும், 2 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைகளுக்கான ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பரிலிருந்தும் இரவு பகல் எந்நேரமும் இயங்குகின்றன. விடியற்காலை ஏலத்தின் பணம் வண்டி ஊர் திரும்புமுன் கணக்கில் சேர்ந்துவிடும். கணக்கில் தொடர்ந்து பதிவாகும் இந்த வரவே, நாளை கடன் கேட்கும்போது வருமானத்துக்குச் சான்றாகவும் நிற்கும்.

கடன் வழிகள்

பெட்டி, கருவிகள் போன்ற சிறு முதலீட்டுக்கு, பிரதமரின் முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரையுள்ள ‘சிசு’ பிரிவு பொருந்தும். வண்டியும் சேர்த்து வாங்குவோர் 5 லட்சம் வரையுள்ள ‘கிசோர்’, 10 லட்சம் வரையுள்ள ‘தருண்’ பிரிவுகளைக் கருதலாம். இவற்றுக்கு ஈட்டுப் பிணை கேட்கப்படுவதில்லை.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டம், கொல்லர், பூட்டுத் தொழிலாளர், தச்சர், கொத்தனார் உள்ளிட்ட 18 கைத்தொழில்களுக்கானது. இதில் கருவிகள் வாங்க 15,000 ரூபாய் உதவியும், 5 விழுக்காட்டு வட்டியில் முதலில் 1 லட்சம், அதை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்திய பின் 2 லட்சம் ரூபாய்க் கடனும் கிடைக்கும். பெட்டியை வாங்கும் கொத்தனாரும், அதைச் செய்துதரும் கொல்லரும் ஒரே திட்டத்தில் பயன்பெற வழியிருக்கிறது.

இவ்வாரமே செய்யக்கூடியவை

• வண்டியில் வழக்கமாக இருக்கும் கருவிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் விலையையும் வரிசை எண்ணையும் குறித்து, படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகாருக்கும் இழப்பீட்டுக்கும் அதுவே ஆதாரம்.

• பட்டியலின் மொத்த மதிப்பைக் கூட்டிப் பாருங்கள். பெட்டிக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு அதுவே அளவுகோல்.

• காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, அதில் சரக்கு அடங்குகிறதா என்று படித்துப் பாருங்கள். அடங்காவிட்டால், போக்குவரத்துக் காப்பீட்டின் ‘ஏ’ நிலைக்குக் கட்டணம் கேட்டறியுங்கள்.

• இரண்டாவது சாவி வீட்டில் இருக்கட்டும்.

• இரவில் பெட்டியைக் கழற்றி வீட்டினுள் வைக்க முடிந்தால் வையுங்கள். முடியாவிட்டால் பின்புறம் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்துங்கள். பின்கதவு திறக்க இடமில்லாமற்போவதே ஒரு காவல்.

கடன், கணக்கு, காப்பீடு பற்றிய மேலும் விவரங்களுக்கு, வண்டியின் பதிவுச் சான்றையும் காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள கிளைக்கு வாருங்கள்.